மனசுக்கு ஒரு குறிப்பேடு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் 19 வருஷம் கணக்கு எழுதினேன். காலையில் யாருக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதுதான் என் எழுத்து. மனசில் நடப்பதை எழுத ஆரம்பித்தது ரொம்ப நாள் கழித்து. இப்போது அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் வரை உட்கார்ந்து எழுதுகிறோம். மாதம் ஒரு தடவை ஏற்காட்டில் தங்கை வீட்டுக்குப் போவேன். அங்கேயும் நாகலூர்ப் பக்கத்திலிருந்து நாலைந்து பெண்கள் வருவார்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவரும் பதில்களை எழுதியிருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. எழுதிப் பார்த்ததும், எழுதுகிறவர்களோடு உட்கார்ந்ததும், இதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தேடிப் படித்ததும்தான் என் கைமுதல்.

அக்கா, இது டைரி எழுதறதுதானே? இதுல புதுசா என்ன இருக்கு?

டைரியும் நல்லதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் தான் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் என்ன சொன்னார், வியாபாரம் எப்படிப் போனது எல்லாம் அதில் இருக்கிறது. வரலாறு படிக்கிறவர்களுக்கு அது பொக்கிஷம். அவர் பெரும்பாலும் வெளியே நடந்ததை எழுதினார். நாம் எழுதுவது, வெளியே நடந்தது நமக்குள் என்ன செய்தது என்பதை.

எனக்குத் தெரிந்த கணக்கு பாஷையில் சொல்கிறேன். அன்றன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதும் புத்தகத்துக்குக் குறிப்பேடு என்று பெயர். பட்டறையில் சிட்டா என்போம். அதிலிருந்து ஒவ்வொருவர் பெயருக்கும் தனிப் பக்கம் போட்டு எடுத்தெழுதினால் அது பேரேடு. சிட்டா மட்டும் இருந்தால், யார் எவ்வளவு பாக்கி என்று வருஷம் முழுக்கத் தேடினாலும் தெரியாது. மனசுக்கும் இந்த இரண்டு புத்தகமும் வேண்டும். பெரும்பாலோர் சிட்டாவோடு நிறுத்திவிட்டு, எழுதியும் ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். பேரேட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் சிட்டா.

எந்த நோட்டு வாங்கணும்? போன்லயே டைப் பண்ணிக்கலாமா?

பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த நோட்டே போதும். தடித்த அட்டை போட்ட விலை கூடின நோட்டு வாங்கியவர்கள், அதில் அழகாக எழுதவேண்டும் என்று தயங்கித் தயங்கியே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து காகிதம் நமத்துப்போகும், மை ஊறும். பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் எழுதினாலும் தப்பில்லை. கையால் எழுதும்போது வேகம் குறையும், அந்த நிதானம் எனக்கு உதவுகிறது. ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது கிடைக்கும் இருபது நிமிஷம்தான் உங்கள் நேரம் என்றால், போனில் எழுதுங்கள். டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு எழுதுங்கள்.

நோட்டைத் திறந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. முதல் வரி எப்படி ஆரம்பிக்கிறது?

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். நடந்தது, நினைத்தது, உடம்பு. அன்றைக்கு மனசை உறுத்திய ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டால் போதும். "நடந்தது" பகுதியில், அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதவேண்டும். "அலட்சியமாகப் பேசினார்" என்பது கேமராவில் வராது. "போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்" என்பது வரும்.

ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண், சொல்லலாம் என்று அனுமதி கொடுத்ததால் அவருடைய பக்கத்தைச் சொல்கிறேன். நடந்தது: மத்தியானம் மூன்று மணி, சரக்கு எண்ணிக்கொண்டிருந்தேன், முதலாளி வந்து "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார். நினைத்தது: என் கணக்கை நம்பவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்று முடிவு செய்துவிட்டார். உடம்பு: காது சூடானது, தொண்டை அடைத்தது, சாயங்காலம் வரை பசிக்கவில்லை. மூன்றையும் தனித்தனியாக எழுதிய பிறகுதான், அன்றைக்கு மூன்று மணி வரை தான் சாப்பிடவே இல்லை என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. முதலாளி நம்பாமல் சொன்னாரா, சாப்பிடப் போகச் சொன்னாரா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் அதுவரை நினைத்ததையே நடந்ததாக வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறார்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கிய சிகிச்சை முறையில், சம்பவம், எண்ணம், உணர்ச்சி என்று இப்படிப் பிரித்து எழுதுவது முக்கியமான பயிற்சி. மூன்றாவதாக உணர்ச்சியைக் கேட்காமல் உடம்பைக் கேட்பது மட்டும் என் வழக்கம். நம் ஊரில் "என்ன உணர்ந்தீர்கள்" என்று கேட்டால் முழிப்போம். "வயிறு என்ன செய்தது" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

எனக்கு எல்லாமே "டென்ஷன்"தான். அதுக்கு மேல என்ன எழுத?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கோபம் வந்தாலும் டென்ஷன், பயந்தாலும் டென்ஷன், பொண்ணு ஊருக்குப் போய்விட்டாளே என்ற ஏக்கமும் டென்ஷன். பட்டறையில் கூலி, சேதாரம், வாடகை, டீச் செலவு எல்லாவற்றையும் "செலவு" என்று ஒரே வரியில் எழுதினால் பணம் எங்கே போனதென்று எப்படித் தெரியும்?

தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் கிடையாது. தவிப்பு, ஆதங்கம், ஆற்றாமை, மனத்தாங்கல், சலிப்பு, பதைப்பு, கூச்சம், ஏக்கம், வெறுமை, குறுகுறுப்பு. ஒவ்வொன்றும் வேறு வேறு. மனத்தாங்கல் என்றால் நமக்கு வேண்டியவர்மேல் மட்டும்தான் வரும், முன்பின் தெரியாதவர்மேல் வராது. ஆற்றாமை என்றால் செய்ய நினைத்தும் கை கட்டிக்கிடக்கிற நிலை. "டென்ஷன்" என்று எழுதிவிட்டால் அதோடு நின்றுவிடுவோம். "மனத்தாங்கல்" என்று எழுதினால், யார்மேல் என்ற கேள்வி தானாக வந்து நிற்கும்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள். அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணமும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் நம்மைத் தாழ்வாக நடத்தியது, உயிரையோ பொருளையோ இழந்தது, முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்தது, இல்லாமை. அச்சத்துக்குச் சொல்லும் நான்கில் ஒன்று "தம் இறை", நமக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவர். இலக்கியத்துக்காக எழுதப்பட்டதுதான், இருந்தாலும் அழுகை வந்த நாளில் அந்த நான்கையும் வைத்து, இதில் என்னுடையது எது என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வி எனக்கு என்ன செய்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பெயர் வைப்பது வெறும் மொழி அழகு இல்லை. 2007இல் அமெரிக்காவில் மாத்யூ லீபர்மேன் குழுவினர், கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அந்த உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்து என்று மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது.

தமிழ்லதான் எழுதணுமா? எனக்கு எழுத்துப்பிழை நிறைய வருங்க.

எந்த மொழியில் கோபப்படுகிறீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள் அதையே தமிழ் எழுத்தில் எழுதலாம். பேச்சுத்தமிழில் எழுதலாம். ஒற்று, சந்தி, ல, ள எதையும் பார்க்கவேண்டாம். திருத்த ஆரம்பித்தால் மனசு வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளையாகிவிடும், உண்மையைச் சொல்லாது.

தினமும் எழுதணுமா? எவ்வளவு நேரம்?

தினமும் வேண்டாம். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறைக்கே தொடக்கம். கல்லூரி மாணவர்கள் 46 பேர், தொடர்ந்து நான்கு நாள், நாளைக்கு 15 நிமிஷம் எழுதினார்கள். வாழ்க்கையில் தங்களை உலுக்கிய சம்பவத்தையும் அதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. சம்பவத்தை மட்டும் எழுதியவர்களுக்கும், உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களுக்கும் அந்த அளவு பலன் இல்லை. மேலே மூன்றாகப் பிரிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொல்லவேண்டும். பிறகு நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2006இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியது என்றுதான் தெரிந்தது. என் அளவு: உறுத்தல் இருக்கிற நாளில் 15 நிமிஷம், இல்லாத நாளில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் அரை மணி, பேரேட்டுக்காக.

எழுதினா மனசு லேசாகும்னாங்க. எனக்கு அழுகைதான் வந்துச்சு. முன்னாடி இருந்ததைவிட மோசமாயிடுச்சு.

அப்படித்தான் இருக்கும், நீங்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை. மேலே சொன்ன 1986 ஆய்விலேயே, எழுதி முடித்த கையோடு மாணவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. பலன் தெரிந்தது பின்னால்தான். புண்ணைக் கழுவும்போது எரிகிற மாதிரி. அதனால் படுக்கப்போகும் நேரத்தில் கனமான விஷயத்தை எடுக்காதீர்கள். எழுதி முடித்ததும் முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, பத்து நிமிஷம் கைவேலை எதையாவது செய்யுங்கள். நான் கீரை ஆய்வேன்.

பென்னிபேக்கரே சொல்லும் ஒரு விதி உண்டு: இதை எழுதினால் என்னால் தாங்கமுடியாது என்று தோன்றினால் எழுதாதே. வேறு சின்ன விஷயத்தை எழுதுங்கள். நேற்று நடந்த விபத்து, போன வாரம் போன உயிர், இதையெல்லாம் உடனே எழுதச் சொல்லி நான் யாரையும் உட்காரவைப்பதில்லை. முதலில் ஆட்கள் கூட இருக்கட்டும், எழுத்து பிறகு வரலாம். பத்து நிமிஷத்தில் அடங்காமல் நாள்கணக்கில் மோசமாகிக்கொண்டே போனால், டாக்டரைப் பற்றிக் கீழே இருக்கும் பதிலைப் படியுங்கள்.

படுத்தா நாளைக்குச் செய்யவேண்டிய வேலைதான் மண்டைக்குள்ள ஓடுது. அதுக்கும் இது உதவுமா?

உதவும், ஆனால் முறை வேறு. 2018இல் அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வில், படுப்பதற்கு முன் 5 நிமிஷம் அடுத்த நாட்களில் செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலாக எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். பட்டியல் விவரமாக இருக்க இருக்கத் தூக்கமும் சீக்கிரம் வந்தது. "பேங்க் வேலை" என்று எழுதாமல், "பாஸ்புக் எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்கு பேங்க்" என்று எழுதுங்கள். ராத்திரிக்கு இது மட்டும் போதும்.

எங்க வீட்ல மாமியார், நாத்தனார், பசங்கன்னு ஆறு பேரு. யாராவது எடுத்துப் படிச்சுட்டா என்ன பண்றது?

நிறைய பெண்கள் எழுதாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் இதுதான், நேரமின்மை இல்லை. "யாரும் படிக்கமாட்டார்கள்" என்ற நிச்சயம் இருந்தால்தான் கை உண்மையை எழுதும். பூட்டு, ஒளித்து வைப்பது, தனி பீரோ எல்லாம் எல்லோருக்கும் கிடைக்காது. அதனால் நான் முதலில் சொல்வது: எழுதிவிட்டுக் கிழித்துவிடுங்கள். எழுதும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. காகிதம் மிஞ்சவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேரேட்டுக்காக ஒரே ஒரு வரியை மட்டும், உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி, மளிகைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். "மாமியார் பேச்சு, இளிவு" என்று எழுதவேண்டியதில்லை. "துவரம்பருப்பு, 1" என்று எழுதினாலே உங்களுக்குத் தெரியும்.

காபித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிற ஒரு பெண், வீட்டில் எழுத வழியில்லாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறார். நோட்டு தோழியின் பையில் இருக்கும். தோழி திறந்து பார்த்ததில்லை. அப்படி ஒருவர் கிடைத்தால் பாக்கியம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் அடி, மிரட்டல் இருக்கிறது, அந்த எழுத்து கையில் கிடைத்தால் உங்களுக்கு ஆபத்து என்றால், எழுத்தை வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். போனிலும் வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒரே விஷயத்தையே மாசக்கணக்கா எழுதறேன். எழுத எழுத கோவம் கூடுதே தவிர குறையலை.

எனக்கே இது நடந்தது. அப்பா போன பிறகு, சேலம் குகைப் பகுதியில் இருந்த எங்கள் பழைய வீட்டை விற்கும்போது, அண்ணன் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார். ஐந்து மாதம் அதையே எழுதினேன். ஒவ்வொரு நாளும் கோபம் புதிதாக வந்தது. ஒரு நாள் மொத்தப் பக்கங்களையும் எடுத்து, "நடந்தது" என்ற வகையில் வருகிற வரிகளை மட்டும் சிவப்புப் பேனாவால் கோடிட்டேன். ஐந்து மாத எழுத்தில் நான்கு வரி தேறியது. மற்றதெல்லாம் "எப்பவுமே இப்படித்தான்", "ஒருநாளும் என்னை மதித்ததில்லை". அதே சாட்சியை அதே கோர்ட்டில் தினமும் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றுதான் பேரேடு போட்டேன். அண்ணன் பெயரில் ஒரு கணக்கு. அவர் எனக்கு வைத்த பாக்கி பற்றுப் பக்கம், அவர் எனக்குச் செய்தது வரவுப் பக்கம். கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுதியே ஆகவேண்டும், இஷ்டப்பட்டதை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. என் கல்யாணத்துக்கு அவர் வாங்கிய கடனும் அங்கே வந்து உட்கார்ந்தது. அடுத்து என் பெயரில் ஒரு பக்கம். அதில் எழுதும்போதுதான், மேலே சொன்ன அழுகையின் நான்கு காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். பணம் இல்லை, வறுமை இல்லை. வீடு போனதா? அந்த இழவும் முழுக் காரணம் இல்லை. இளிவு. ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது. கோபம் என்று நான் எழுதிக்கொண்டிருந்ததற்கு அடியில் இருந்தது அதுதான். கிடைத்த பிறகு அழுதேன். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பென்னிபேக்கர் 1997இல் உடன் ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வில், எழுத்தால் பலன் அடைந்தவர்களின் பக்கங்களில் நாளாக நாளாக "ஏனென்றால்", "அதனால்தான்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் கூடிக்கொண்டே வந்ததாகச் சொல்கிறார்கள். உங்கள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து அந்தச் சொற்களைத் தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் சிட்டாவை மூடிவிட்டுப் பேரேடு போடுங்கள். இன்னொரு வழியும் உண்டு. "நான்" என்று எழுதாமல், உங்கள் பெயரைப் போட்டு, "அவள் அன்றைக்கு என்ன எதிர்பார்த்தாள்?" என்று எழுதுவது. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான நேரத்தில் தன் பெயரைச் சொல்லித் தனக்குள் பேசிக்கொண்டவர்களுக்கு மனத் தவிப்பு குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு பொறுமையாகப் புத்தி சொல்வோம். அந்தப் பொறுமை நமக்கும் கிடைக்கிறது.

எல்லாம் என் நினைப்புதான்னு சொல்லிட்டா, அடுத்தவங்க செஞ்ச தப்பு தப்பில்லாம போயிடுமா?

போகாது. இதைக் கேட்டவர் ஒரு தறிக்காரர். அவருக்கு மூன்று மாதக் கூலி நிற்கிறது. அவர் பக்கத்தில் "நடந்தது" பகுதிதான் பெரியது, தேதி தேதியாக. "நினைத்தது" அங்கே ஒரே வரி. அது மனசின் பிரச்சினை இல்லை, கூலிப் பிரச்சினை. அந்த நோட்டைப் பார்த்துத் தேதிகளையும் தொகையையும் ஒரு தாளில் தனியாக எழுதிக்கொண்டு போய்ப் பேசச் சொன்னேன். போனார், பேசினார். இரண்டு மாதக் கூலி வந்தது.

பிரித்து எழுதுவதால் மற்றவர்களின் தப்பு கரைந்துபோகாது, துலக்கமாகும். எவ்வளவு பாக்கி என்று சரியாகத் தெரிந்தவரால்தான் கேட்கமுடியும். என் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். இன்றும் அந்த வரி அவர் பற்றில்தான் இருக்கிறது. நான் தள்ளுபடி செய்யவில்லை.

வீட்டுக்காரர் மேல இருக்கற கோவத்தை எல்லாம் எழுதிட்டேன். அதை அவர்கிட்டயே காட்டிடலாமா?

வேண்டாம். அது உங்களுக்காக எழுதியது, அவர் படிப்பதற்கு ஏற்ற வடிவில் இல்லை. ஒரு வாரம் விட்டு, அந்தப் பக்கத்தைப் படித்து, அவரிடம் உங்களுக்கு வேண்டியது என்ன என்று ஒரே ஒரு வரி எடுங்கள். அதை வாயால் சொல்லுங்கள், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு.

நன்றி சொல்லி எழுதணும்னு எல்லாரும் சொல்றாங்களே, நல்லதை மட்டும் எழுதினா போதாதா?

அதற்கும் ஆய்வு உண்டு. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2003இல் வெளியிட்டார்கள். வாரம் ஒரு தடவை நன்றியாக உணர்ந்த விஷயங்களை எழுதியவர்கள், தொந்தரவுகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையைத் திருப்தியாகப் பார்த்தார்கள். பேரேட்டில் வரவுப் பக்கம் இருக்கவேண்டும் என்று நானும் சொல்கிறேன். மல்கோவா முதல் பழம் கிடைத்த நாள், பேரன் வந்து தட்டுவடை செட் வாங்கித் தந்த சாயங்காலம், இதெல்லாம் எழுதத் தகுந்தவைதான்.

ஆனால் துக்கத்தின் மேல் நன்றியைப் பூசாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் யாரோ நல்லதை மட்டும் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவர் எங்களிடம் வந்தபோது நோட்டில் எட்டு நாள் காலியாக இருந்தது. அவருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: பிள்ளையின் பெயரை எழுதுங்கள், அதற்கு மேல் எழுதத் தோன்றாவிட்டால் நோட்டை மூடிவிடுங்கள்.

எங்கம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவங்களுக்கு வழியே இல்லையா?

பேசலாம். போனில் ஒலிப்பதிவை ஆன் செய்து கொடுத்துவிட்டு, நீங்கள் வெளியே போய்விடுங்கள். எழுதாமல் பேசிப் பதிவு செய்யவைத்த ஆய்வுகளிலும் பலன் தெரிந்திருக்கிறது. "அம்மா, இன்னைக்கு என்ன நடந்துச்சு, என்ன நினைச்ச, உடம்பு எப்படி இருந்துச்சு" என்ற மூன்று கேள்வியை மட்டும் சொல்லிக்கொடுங்கள். முடிந்ததும் அழித்துவிடவும் சொல்லிக்கொடுங்கள், மேலே சொன்ன காரணத்துக்காக.

எழுதறது போதாது, டாக்டர்கிட்ட போகணும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனசு கனத்தே இருக்கிறது, பிடித்த எதிலும் ஆசை இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, வேலைக்குப் போகமுடியவில்லை என்றால் போகவேண்டும். பழைய சம்பவம் ஒன்று கண்முன் திரும்பத் திரும்ப வந்து உடம்பு நடுங்குகிறது என்றாலும் போகவேண்டும். பக்கங்களில் "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற வரி ஒரு தடவை வந்தாலே போதும், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த வரியை எழுதிவிட்டு நோட்டை மூடிவிடாதீர்கள்.

சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கும் அடிக்கலாம். டாக்டரிடம் போகும்போது உங்கள் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப்போங்கள்: எப்போதிலிருந்து, எத்தனை நாள், உடம்பு என்ன செய்கிறது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சொல்லிவிடலாம்.

எழுத எழுத நான் ரொம்பக் கெட்டவள்னுதான் தெரியுதுக்கா. இதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்ய?

இதைக் கேட்டவர் அழுதுகொண்டே கேட்டார். என் நோட்டில் இருக்கிற ஒரு பக்கத்தை அவரிடம் காட்டினேன். அண்ணனுக்கு வியாபாரத்தில் நஷ்டம் என்று தங்கை போன் செய்த அன்று எழுதியது. நடந்தது: தங்கை சொன்னாள். நினைத்தது: நல்லா வேணும். உடம்பு: நெஞ்சு லேசானது. இப்படித்தான் இருந்தது. கூடப்பிறந்தவன் கஷ்டத்தில் எனக்கு நெஞ்சு லேசானது என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். அன்று ராத்திரி எனக்கும் இதே கேள்விதான் வந்தது.

மனசில் ஓர் எண்ணம் வருவது நம் கையில் இல்லை. அது "நினைத்தது" பகுதியில் எழுதவேண்டிய வரி. கெட்டவளா இல்லையா என்பதற்கு விடை "நடந்தது" பகுதியில்தான் இருக்கிறது, அதுவும் அடுத்து வரும் நாட்களில். எழுதாமல் விட்டிருந்தால் அந்த "நல்லா வேணும்" எனக்குள்ளேயே இருந்து, அண்ணன் வீட்டு விசேஷத்தில் வேறு ஏதோ சாக்கில் வாயில் வந்திருக்கும். எழுதிப் பார்த்ததால், மறுநாள் காலை அண்ணனுக்குப் போன் செய்யும்போது என் குரலை நான் கவனித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் பேசினோம். வீட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை. கடன்காரரிடம் என்ன கணக்குச் சொல்வது என்று கேட்டார், சொன்னேன்.

நீங்களும் அப்படி ஒரு வரி எழுத நேர்ந்தால் கிழிக்கவேண்டாம். அதற்குக் கீழே மூன்று வரி இடம் விட்டு வையுங்கள். அடுத்த வாரம் அந்த மனிதரிடம் நீங்கள் என்ன பேசினீர்கள், என்ன செய்தீர்கள் என்பதைத் தேதி போட்டு அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.